பழைய செமி ட்ரக்கில் வீட்டு ட்ரெய்லர் இழுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்கு இழுத்து ஓய்ந்த செமி ட்ரக் (சரக்கு ட்ரெய்லரை இழுக்கிற லாரித் தலை) ஒன்றை வாங்கி, கொஞ்சம் மாற்றி, பெரிய ஃபிஃப்த் வீல் வீட்டு ட்ரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். கேம்ப்கிரவுண்டில் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிற தமிழ்க் குடும்பங்களும், ஆர்.வி. (வீட்டு வசதியுள்ள பயண வண்டி) வாங்க யோசிக்கிற நண்பர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் எல்லாம் அமெரிக்க விதிகள். கனடா வருகிற இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்னா என்ன? பின்னாடி கொக்கி போட்டு இழுக்கிறதுதானே?

இல்லை. சாதாரண ட்ராவல் ட்ரெய்லர் வண்டியின் பம்பருக்குக் கீழே ஒரு பந்தில் மாட்டும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரின் முன்பகுதி வண்டியின் முதுகுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் இருக்கிற கிங்பின் என்ற இரும்பு முளை, வண்டியின் முதுகில் இருக்கிற ஹிட்ச் என்ற இணைப்புக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எடையின் ஒரு பங்கு நேராக வண்டியின் முதுகில் இறங்குவதால் ட்ரெய்லர் ஆடாமல் வரும்.

அந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம். ட்ரெய்லர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 4,000 பவுண்டு வண்டியின் மேல் உட்காரும். கிங்பின் வழியாக இறங்குகிற எடை என்பதால் இதைப் 'பின் வெயிட்' (pin weight) என்கிறார்கள். கீழே இந்த எண் திரும்ப வரும்.

ஒரு டன் பிக்கப்பே 35,000 பவுண்டு இழுக்கும்னு விளம்பரம் பண்றாங்களே அண்ணா, அப்புறம் எதுக்கு செமி?

இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைய டூவலி (பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள) பிக்கப்புகள் பலவற்றின் டீசல் எஞ்சின் 1,000 பவுண்டு-அடி டார்க்கை, அதாவது சுழற்று விசையை, தாண்டிவிட்டது. ஆனால் செமி ட்ரக் வாங்குவது இழுப்பதற்காக இல்லை, நிறுத்துவதற்காக.

டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் போனால் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. சுரங்கத்தைத் தாண்டியதும் 7 சதவீதச் சரிவு, மைல் கணக்கில். அங்கே 8,500 பவுண்டு பிக்கப்பின் பின்னால் 20,000 பவுண்டு ட்ரெய்லர் வந்தால், ட்ரெய்லர்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். செமி ட்ரக் மட்டுமே 16,000 முதல் 19,000 பவுண்டு இருக்கும். மொத்தம் 80,000 பவுண்டை இழுத்து நிறுத்துவதற்கென்று செய்த ஏர் பிரேக், 13 லிட்டர் எஞ்சினின் எஞ்சின் பிரேக் எல்லாம் அதில் இருக்கின்றன. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கைப் போட்டால் காலால் மிதிக்கிற பிரேக்கைத் தொடவே வேண்டியிருக்காது. பிரேக் சூடேறாததால், கீழே வந்து சேர்ந்த பிறகும் அவசரத்துக்கு முழு பிரேக் கையில் இருக்கும்.

ட்ரெய்லர் 14,000 பவுண்டுக்குள் என்றால் நல்ல டூவலியே போதும். எல்லாரும் செமி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

பிக்கப்பை விட செலவு கம்மியா வருமா?

வண்டியின் விலையை மட்டும் பார்த்தால் வரும். வசதிகளோடு எடுக்கிற புது டூவலி 90,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. ஃப்ளீட்டில் (சரக்குக் கம்பெனியின் வண்டி வரிசையில்) ஓடி விற்பனைக்கு வருகிற செமி அதில் ஒரு பகுதிக்கே கிடைக்கும். ஆனால் ஹிட்ச், பின்பக்கத் தளம், பிரேக் கன்ட்ரோலர், விளக்கு வயரிங், டயர் எல்லாம் சேர்ந்தால் அந்த மிச்சம் வேகமாகக் கரையும். பராமரிப்பும் வேறு கணக்கு. எஞ்சின் ஆயில் மாற்ற 10 கேலன் பக்கம் பிடிக்கும், டயர் பத்து. ஆனால் நாம் வருஷத்தில் ஓட்டுகிற தூரம் சரக்கு ட்ரக் சில வாரங்களில் ஓடுகிற தூரம்தான், அதனால் ஆயில் மாற்றுவது எப்போதாவது ஒரு முறை. மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள்.

சரி, முதல்ல ட்ரக் வாங்கணுமா, ட்ரெய்லர் வாங்கணுமா?

இரண்டும் இல்லை, முதலில் காகிதம். உங்கள் மாநிலத்தில் இந்த வண்டியை எப்படிப் பதிவு செய்வார்கள், என்ன லைசென்ஸ் கேட்பார்கள், இன்ஷூரன்ஸ் யார் தருவார்கள் என்று மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ட்ரெய்லரை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஹிட்சின் உயரமும் ட்ரக்கின் நீளமும் ட்ரெய்லரைப் பொறுத்தவை. ட்ரக் கடைசியில். ஏலத்தில் மலிவாகக் கிடைத்ததே என்று ட்ரக்கை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஷூரன்ஸ் கிடைக்காமல் மாதக்கணக்கில் தவிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எந்த ட்ரக் நல்லது?

இந்த வேலைக்கு வோல்வோ வி.என்.எல். வரிசைக்குத் தனி மவுசு. கேபின் அமைதி, ஸ்லீப்பர் என்கிற பின்பக்கப் படுக்கை அறை பெரியது, ஐ-ஷிஃப்ட் என்கிற 12 கியர் தானியங்கி கியர்பாக்ஸ் கார் மாதிரி ஓட்ட வைக்கும். ஃப்ரெய்ட்லைனர் கஸ்கேடியா, கென்வர்த், பீட்டர்பில்ட்டிலும் நல்ல வண்டிகள் உண்டு. நீங்கள் இருக்கிற பக்கத்தில் எந்த பிராண்டுக்கு நல்ல டீலர் இருக்கிறாரோ, அதற்குக் கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

பிராண்டை விட எஞ்சினின் வருஷம் முக்கியம். 2007 புகை விதி வருவதற்கு முந்தைய எஞ்சின்களில் டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டி கிடையாது, 2010 விதிக்குப் பிறகு புகையைச் சுத்தமாக்குகிற டி.இ.எஃப். திரவமும் சேர்ந்துகொண்டது. முந்தையவை எளிமையானவை, ஆனால் வயதானவை. நடுவில் 2008, 2009 வாக்கில் வந்தவற்றில் வடிகட்டித் தொல்லை அதிகம் என்பது என் அபிப்பிராயம். அவற்றைத் தவிர்ப்பேன்.

ஏழு லட்சம் மைல் ஓடின வண்டியை வாங்குறது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

கார் கணக்கில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். கிளாஸ் 8 என்கிற மிகக் கனமான வகை ட்ரக்குகளின் எஞ்சின்களைப் பத்து லட்சம் மைல் ஓடுவதை மனதில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். நல்ல ஃப்ளீட்டில், ஒழுங்காக ஆயில் மாற்றி நெடுஞ்சாலையில் ஓடிய 6 லட்சம் மைல் வண்டி, ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடிய 3 லட்சம் மைல் வண்டியை விடத் தேவலாம்.

மைல் எண்ணை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை எடுத்துத் தரச் சொல்லுங்கள். மொத்த மணி நேரத்தில் எவ்வளவு நேரம் நின்றபடியே ஓடியது என்று அதில் இருக்கும். நின்றபடி நிறைய ஓடியிருந்தால் டி.பி.எஃப். அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவு கொஞ்சம்தான், கூலன்ட் கலந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். ஃபிரேமில் துரு, டயரின் பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்கத் தேதிக் குறியீடு இரண்டையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருஷம். முன் சக்கர டயர் பழசாக இருந்தால், ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சி.டி.எல். எடுக்கணுமா?

சி.டி.எல். என்பது வணிக வண்டி ஓட்டுவதற்கான லைசென்ஸ். மத்திய அரசின் சி.டி.எல். விதி வணிகத்துக்கு ஓடுகிற வண்டிகளுக்கு. சொந்த உபயோகத்துக்கு, கூலி வாங்காமல் ஓட்டினால் அது பொருந்தாது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. டெக்சாஸில் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டு தகுதி எடையை (தயாரிப்பாளர் குறிக்கிற உச்ச எடை) தாண்டி, ட்ரெய்லரும் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் சி.டி.எல். இல்லாத கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கு வணிகம் சாராத கிளாஸ் ஏ வேண்டும். சில மாநிலங்களில் சாதாரண லைசென்ஸே போதும். கனடாவில் ஒன்டாரியோக்காரர்களுக்கு 4,600 கிலோவுக்கு மேல் இழுத்தால் ஏ வகை லைசென்ஸும், ஏர் பிரேக் என்றால் இசட் ஒப்புதலும் வேண்டும்.

உங்கள் லைசென்ஸ் எந்த மாநிலமோ அந்த மாநிலத்தின் ஓட்டுநர் கையேட்டைப் படியுங்கள். கவுண்டரில் இருக்கிறவருக்கே இந்த விதி தெரியாமல் போகலாம்; கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள்.

மோட்டார் ஹோம்னு பதிவு பண்ணிடலாம்னு சொல்றாங்களே, அது ஏமாத்து வேலை இல்லையா?

உண்மையிலேயே மாற்றினால் ஏமாற்று வேலை இல்லை. மத்திய விதி ஆறு வசதிகளைச் சொல்கிறது: சமையல், ஃபிரிட்ஜ் அல்லது ஐஸ் பெட்டி, வண்டிக்குள்ளேயே கழிவைத் தேக்கும் கழிப்பறை, ஹீட்டர் அல்லது ஏ.சி., குழாயும் சிங்கும் உள்ள குடிநீர் ஏற்பாடு, தனி 110-125 வோல்ட் மின்சாரம் அல்லது புரோபேன். இவற்றில் குறைந்தது நான்கு இருந்தால் அது மோட்டார் ஹோம். ஸ்லீப்பரில் ஏற்கனவே ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் இருக்கும். மைக்ரோவேவும் இன்வெர்டரும் வைத்தால் பல மாநிலங்களில் கணக்கு நேராகிவிடும். சில மாநிலங்கள் இதே பட்டியலைப் பின்பற்றும், சில வேறு மாதிரி கேட்கும், சில நேரில் வந்து பார்க்கும். நான்கோடு நிறுத்தாமல் ஐந்தாவதாக ஒன்றையும் வைத்து, எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பதிவு செய்யாமல் சொந்த உபயோக ட்ரக் என்றே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்போது இன்ஷூரன்ஸ்தான் பெரிய தலைவலி. சாதாரண கார் இன்ஷூரன்ஸ்காரர்கள் 'செமி' என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்கள். வணிக இன்ஷூரன்ஸ் விற்கிறவர்களோ சொந்த உபயோகத்துக்குத் தர மாட்டார்கள். மாற்றிய ட்ரக்குகளுக்கென்று பாலிசி எழுதிப் பழகிய ஏஜென்ட்டைத் தேடிப் பிடியுங்கள். 'இது மாற்றிய கிளாஸ் 8 ட்ரக்' என்பது பாலிசியிலேயே எழுத்தில் இருக்கட்டும்.

ட்ரக் பின்னாடி ஏற்கனவே ஒரு பெரிய பிளேட் இருக்கே, அதுலயே மாட்டிடக்கூடாதா?

கிங்பின் இரண்டுக்கும் அதே 2 அங்குலம்தான், அதனால் பூட்டும். ஆனாலும் மாட்டாதீர்கள். சரக்கு ட்ரக்கின் பிளேட் முன்னும் பின்னும் மட்டும்தான் சாயும். வீட்டு ட்ரெய்லரின் ஃபிரேம் மெலிசு. மேடுபள்ளத்தில் பக்கவாட்டிலும் சாய இடம் கொடுக்காவிட்டால் முறுக்கு முழுவதும் ட்ரெய்லரின் முன்பகுதியில் இறங்கும். கிங்பின் பெட்டியைச் சுற்றி விரிசல் விடுவது அப்படித்தான்.

இன்னொன்று, ட்ரக்கின் பின் சஸ்பென்ஷன் 34,000 பவுண்டு தாங்கச் செய்தது. அதன் மேல் நம்முடைய 4,000 பவுண்டு பின் வெயிட் ஒன்றுமே இல்லை. அதனால் சாலையின் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக ட்ரெய்லருக்குப் போகும். நாலா பக்கமும் சாய்கிற தலையும், அடியில் ஏர் பேக்கும் ஷாக் அப்சார்பரும் உள்ள ஏர் ரைடு ஹிட்ச்தான் இதற்குச் சரி. இதன் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். வேறு எங்கே வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், ஹிட்சிலும் பிரேக்கிலும் மட்டும் வேண்டாம். ஹிட்சின் உயரம் ட்ரெய்லர் மட்டமாக நிற்கிற மாதிரி அமைய வேண்டும்; மூக்கு தூக்கி நின்றால் ட்ரெய்லரின் பின்பக்க ஆக்ஸிலுக்கு எடை கூடிவிடும்.

ட்ரக்ல காத்து பிரேக், ட்ரெய்லர்ல கரண்ட் பிரேக். ரெண்டும் எப்படிப் பேசிக்கும்?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்காத கேள்வியும் கூட. ஆர்.வி. ட்ரெய்லரில் 12 வோல்ட் மின்காந்த பிரேக் இருக்கும். பிக்கப்பில் வருகிற மாதிரி வேகக் குறைவை உணர்ந்து வேலை செய்கிற கன்ட்ரோலரைச் செமியிலும் மாட்டலாம். ஆனால் பிரேக் குழாயில் இருக்கிற காற்றழுத்தத்தை நேராக அளந்து, அதற்கு ஏற்ற மின்சாரத்தை ட்ரெய்லருக்கு அனுப்புகிற வகை இருக்கிறது. அதைத்தான் சிபாரிசு செய்வேன். பிரேக்கை மெதுவாக மிதித்தால் ட்ரெய்லரும் மெதுவாகப் பிடிக்கும், அழுத்தி மிதித்தால் அழுத்திப் பிடிக்கும். கனமான ட்ரெய்லர் என்றால் மின் ஹைட்ராலிக் பம்ப்போடு டிஸ்க் பிரேக்குக்கு மாறுவது இன்னும் நல்லது.

மெக்கானிக்கிடம் மறக்காமல் கேட்க வேண்டியது ஒன்று. பல ட்ரக்குகளில், சரக்கு ட்ரெய்லருக்குக் காற்று போகாதபோது ட்ரக்கின் பின் சக்கர பிரேக்கைக் குறைக்கிற வால்வு இருக்கும். ட்ரெய்லர் இல்லாமல் தனியாக ஓடும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. நாமோ ட்ரெய்லர் மாட்டியிருந்தாலும் அதற்குக் காற்று அனுப்புவதில்லை. ட்ரெய்லருக்குக் காற்று விடுகிற சிவப்புக் குமிழ் எப்போதும் வெளியேதான் நிற்கும். அப்படியென்றால் நம் எடைக்குப் பின் பிரேக் முழுதாகக் கிடைக்கிறதா என்று பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

லைட் வயரிங் அப்படியே சொருகிடலாமா?

முடியாது. செமியில் வட்டமான ஏழு முள் சாக்கெட், ஆர்.வி.யில் தட்டை முள் சாக்கெட். வடிவம் மட்டும் இல்லை, உள்ளே போகிற வேலையும் வேறு. செமியில் பிரேக் விளக்குக்குத் தனி வயர், இண்டிகேட்டருக்குத் தனி வயர். ஆர்.வி.யில் இரண்டும் ஒரே வயரில் வரும். நடுவில் ஒரு கன்வெர்டர் பெட்டி வேண்டும். ட்ரெய்லர் பேட்டரியை சார்ஜ் செய்கிற வயரும் தனியாக இழுக்க வேண்டியிருக்கும்.

பின் ஆக்ஸில் ஒண்ணைக் கழட்டிடறாங்களே, அது அவசியமா?

அவசியம் இல்லை. எஞ்சின் சுழற்றுகிற இரண்டு டிரைவ் ஆக்ஸிலில் ஒன்றை எடுத்தால் ட்ரக் நீளம் குறையும், நான்கு டயர் மிச்சமாகும், ஆக்ஸில் எண்ணி வாங்குகிற டோல் குறையும், திரும்புவது சுலபமாகும். முன்பக்க டிரைவ் ஆக்ஸிலில் இரண்டுக்கும் விசையைப் பங்கிடுகிற பவர் டிவைடர் இருப்பதால், பெரும்பாலும் பின்பக்க ஆக்ஸிலை வைத்துக்கொண்டு முன்னதை எடுப்பார்கள். டிரைவ் ஷாஃப்டை வெட்டி, சமன் செய்து, கோணம் பார்த்துப் பொருத்த வேண்டும். ஏ.பி.எஸ். வயரிங்கும் மாறும். இது ஃபிரேமில் கை வைக்கிற வேலை. செய்து பழகிய பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், பின்னால் காரையும் ஏற்றப் போகிறீர்கள் என்றால் இரண்டு ஆக்ஸிலையும் விட்டுவிடுங்கள். ஈரப் புல்தரையில் பிடிமானம் கூடுதல், பிரேக் பிடிக்கிற சக்கரங்களும் கூடுதல். ஒன்றை எடுப்பதாக இருந்தால், மீதி இருக்கிற ஆக்ஸிலின் தகுதி எடையையும், ஒற்றை ஆக்ஸிலுக்கு இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை வரம்பான 20,000 பவுண்டையும் பாருங்கள். எல்லாம் மாட்டி முடித்ததும் ட்ரக் ஸ்டாப்பில் இருக்கிற எடைமேடையில் ஏற்றி ஒவ்வொரு ஆக்ஸிலையும் தனித்தனியாக எடை பாருங்கள்.

ஸ்மார்ட் காரைக் குறுக்கா ஏத்திட்டுப் போறாங்களே, அது சட்டப்படி சரியா?

ஸ்லீப்பருக்கும் ஹிட்சுக்கும் நடுவில் ஸ்மார்ட் ஃபோர்டூ என்கிற குட்டிக் காரைக் குறுக்காக ஏற்றுவது இந்த வட்டாரத்தில் பிரபலம். முகாமுக்குப் போன பிறகு கடை கண்ணிக்குப் போய்வரக் கார் வேண்டுமே. ஆனால் டேப் எடுத்து அளந்து பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் அகல வரம்பு 102 அங்குலம். 2008இல் அமெரிக்காவுக்கு வந்த ஃபோர்டூவின் நீளம் 106 அங்குலம், அதாவது கார் வெளியே நீட்டும். பலர் அப்படியே ஓட்டுகிறார்கள், யாரும் நிறுத்துவதில்லை என்கிறார்கள். யாரும் நிறுத்தாததால் சட்டம் மாறிவிடாது. விபத்து என்று வந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அந்த 4 அங்குலத்தைத்தான். தளத்தில் இடம் இருந்தால் காரை நீளவாக்கில் வையுங்கள். அந்தக் காரும் 2019 மாடலோடு இங்கே நின்றுவிட்டது. உதிரிபாகங்களை யோசித்து வாங்குங்கள்.

மொத்த நீளம் எவ்வளவு வரைக்கும் போகலாம்?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் வண்டியும் ட்ரெய்லரும் சேர்த்து 65 அடி. 40 அடி ட்ரெய்லரும் பெரிய ஸ்லீப்பர் ட்ரக்கும் சேர்ந்தால் அதைத் தாண்டுவது மிக எளிது. ட்ரெய்லரின் முன்பகுதி ட்ரக்கின் மேல் படிகிற தூரத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். முதலில் காகிதம் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பசங்களை ஸ்லீப்பர் பெட்ல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போலாமா?

வேண்டாம். தயவு செய்து வேண்டாம். படுக்கை இருக்கை ஆகாது. ஸ்லீப்பருக்குள் மூன்று முனை பெல்ட் உள்ள முறையான இருக்கையை, தரையின் அடியில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுப் பொருத்தலாம். குழந்தை இருக்கை என்றால் அதன் மேல்பட்டையை மாட்டவும் உறுதியான பிடி வேண்டும். இரண்டு மூன்று குழந்தைகள் இருக்கிற குடும்பத்துக்கு என் யோசனை, செமியை விட்டுவிட்டு நான்கு கதவு வைத்த நடுத்தர ட்ரக் ஒன்றைப் பாருங்கள். ஃப்ரெய்ட்லைனர் எம்2வில் அப்படி வருகிறது. செமி அளவு பிரேக் கிடைக்காது, ஆனால் எல்லாருக்கும் முறையான இருக்கை கிடைக்கும்.

பழைய எஞ்சினோட கலிஃபோர்னியாவுக்குள்ள விடுவாங்களா?

2023 ஜனவரி முதல் 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் ட்ரக்குகளுக்கு, சில விலக்குகள் தவிர, 2010 அல்லது அதற்குப் பிந்தைய தர எஞ்சின் வேண்டும் என்று அங்கே விதி. சொந்த உபயோக மோட்டார் ஹோமுக்கு அந்த விதியில் விலக்கு உண்டு. அதனால் மேலே சொன்ன பதிவு இங்கே கை கொடுக்கும், உள்ளேயும் வண்டி உண்மையில் அப்படி இருந்தால். பதிவுச் சான்றை எப்போதும் வண்டியில் வையுங்கள். டி.பி.எஃப்.-ஐக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்கிற பட்டறைக்காரரிடமிருந்து விலகி வாருங்கள். அது எல்லா மாநிலத்திலும் மத்தியச் சட்டத்துக்கு விரோதம்.

டீசல் எங்க போடுறது? மைலேஜ் என்ன வரும்?

ட்ரக் ஸ்டாப்பில் ட்ரக்குகளுக்கான வரிசையிலேயே போடலாம், இடம் தாராளம். அங்கே நாசில் பெரியது, வேகமாகக் கொட்டும். வலது பக்க டேங்குக்குத் துணை பம்ப் இருக்கும். ட்ரெய்லரோடு போகும்போது கேலனுக்கு 8 முதல் 10 மைல் எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு டேங்கும் 100 கேலனுக்கு மேல் பிடிப்பதால், விலை குறைவான மாநிலத்தில் நிரப்பிக்கொண்டு அடுத்த மாநிலத்தை நிறுத்தாமல் கடக்கலாம்.

என் மனைவிக்கும் ஓட்டக் கத்துக் கொடுக்க முடியுமா? ஏர் பிரேக் பயமா இருக்கே.

கட்டாயம் கற்றுக்கொள்ளட்டும். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர் வண்டியை நகர்த்தியாக வேண்டும். கியர்பாக்ஸ் தானியங்கி என்றால் ஓட்டுவது பெரிய விஷயமே இல்லை; திருப்பங்களில் ட்ரெய்லரின் பின் சக்கரம் உள்ளே வெட்டுவதைப் பழகுவதுதான் வேலை. காலி வாகன நிறுத்தத்தில் கூம்பு வைத்துப் பழகுங்கள். ட்ரக் ஓட்டக் கற்றுத் தருகிற பள்ளியில் சில மணி நேரம் காசு கொடுத்துக் கற்றால் இன்னும் நல்லது.

ஏர் பிரேக்கைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். காற்று போனால் பிரேக் போகாது. ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். புறப்படும் முன் ஒரு சோதனை: காற்று முழுவதும் ஏறட்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிஷம் பாருங்கள். தனி ட்ரக்கில் 2 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி இன்னொரு நிமிஷம். அதில் 3-க்கு மேல் கூடாது. அப்புறம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60 வாக்கில் எச்சரிக்கை அடிக்க வேண்டும். ட்ரெய்லர் கழன்று போனால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற இழுவைக் கம்பி ஒன்று உண்டு. அதை ஹிட்சில் கட்டாமல் ட்ரக் ஃபிரேமில் கட்டுங்கள். ஹிட்சே கழன்று போனால்தானே அது வேலை செய்ய வேண்டும்.

வழியில இருக்கிற எடை நிலையத்துக்குள்ள போகணுமா?

பெரும்பாலான மாநிலங்கள் ஆர்.வி.க்களைக் கேட்பதில்லை. சில இடங்களில் பலகையே எடையை வைத்துச் சொல்லும். அங்கே நம்மையும் சேர்த்துத்தான். 'சொந்த உபயோக ஆர்.வி., வாடகைக்கு அல்ல' என்று கதவில் எழுதி வைப்பது வழக்கம். சட்டம் கேட்காவிட்டாலும் அதிகாரிக்குப் பார்த்ததும் புரியும். சந்தேகம் இருந்தால் உள்ளே போய்விடுங்கள். கை காட்டி அனுப்பிவிடுவார்கள்.

போற வழிதானே, நண்பரோட காரை ஏத்திட்டுப் போய் டீசல் காசு மட்டும் வாங்கிக்கலாமா?

வாங்காதீர்கள். மேலே சொன்ன எல்லாச் சலுகையும் 'கூலிக்கு இல்லை, தொழிலுக்கு இல்லை' என்ற ஒரே காலில் நிற்கிறது. காசு கை மாறினால் அது சரக்குப் போக்குவரத்து என்று வாதிட இடம் கொடுத்துவிடுகிறீர்கள். அப்போது சி.டி.எல்., போக்குவரத்துத் துறை எண், வணிக இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். சொந்த உபயோக பாலிசி அந்தப் பயணத்துக்குக் கை விரித்துவிடலாம். உங்கள் கம்பெனிப் பொருட்களைக் கண்காட்சிக்குக் கொண்டு போவது, வண்டிச் செலவைத் தொழில் செலவாக வரிக்கணக்கில் காட்டுவது இரண்டுக்கும் இதே பதில்தான். தொழிலுக்கும் வண்டி வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே வணிக வண்டியாகப் பதிவு செய்து, சி.டி.எல். எடுத்துவிடுங்கள்.